கடும் உறைப்பு, ரோஸ் வாசம்

என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட குடும்ப வைத்தியர், கேட்டு முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் பிரெஞ்சில் என்ன சொன்னாலும் எனக்குப் பாதிதான் விளங்கும். பேசாமல் இருந்தால் முழுவதும் விளங்கிவிடும். கடைசியில் வாயைத் திறந்தவர், இப்படியே இன்னும் சில குளிர்காலம் சிகரெட் பிடித்தால் ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றைப் பின்னால் உருட்டிக்கொண்டு திரிய வேண்டி வரும் என்றார். நாங்கள் இருந்தது மூன்றாம் மாடியில். மொன்றியலில் வீடு கட்டியவர்கள் படிக்கட்டை வீட்டுக்கு வெளியே வைத்து, அதை வளைத்தும் விட்டு, அதன்மேல் பனி கொட்டுவதற்கும் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். அந்தப் படியில் சிலிண்டரை இழுத்துக்கொண்டு ஏறுகிற என்னைக் கற்பனை செய்து பார்த்தேன். சாவுக்குப் பயமில்லை என்று சொல்லித் திரிந்த மனிதன் சிலிண்டருக்குப் பயந்து அன்றைக்குக் காலையே சிகரெட்டை விட்டேன்.

பின்னேரம் திரும்பப் பிடித்தேன்.

அதன் பிறகு பல தடவை விட்டேன். நிகோடின் ஒட்டுத்துண்டைத் தோளில் ஒட்டிக்கொண்டு, அது வேலை செய்கிறதா என்று யோசிப்பதற்காக ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தேன். நிகோடின் சூயிங்கம் சப்பினேன். மிளகு தூவிய சப்பாத்து அடி மாதிரி இருந்தது, அதோடு விக்கலும் வந்தது. சென்ட் லோரன்டில் நான் வேலை செய்த களஞ்சியத்தில் என் விக்கலைக் கேட்டே ஆட்கள் இடைவேளை நேரத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

அந்த நாட்களில்தான், இரண்டாயிரங்களின் கடைசி வருடங்களில், எலெக்ட்ரோனிக் சிகரெட் வந்தது. ஒரு பெரிய கடைத்தொகுதியின் நடுவில், கைத்தொலைபேசி உறை விற்கும் தட்டுக்குப் பக்கத்தில், ரை கட்டிய ஒருவன் அதை ஊதிக் காட்டிக்கொண்டிருந்தான். பார்த்தால் அசல் சிகரெட். உள்ளே ஒரு பற்றரி, சூடேறும் சின்னக் கம்பி, நிகோடின் கலந்த கொஞ்சம் திரவம். இழுத்தால் நுனியில் சிவப்பு லைற் எரியும், வாயிலிருந்து ஆவி வரும். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கிற என் மனைவி, விளையாட்டுச் சாமான்களைச் சோதிக்கிற கண்ணால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வடிவா எரியுது. நத்தாருக்கு மரத்தில கொழுவி விடுவம்,” என்றாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கோமாளிச் சாமான் வேலை செய்தது. சிகரெட் வேண்டும் என்று கை தேடும்போது கைக்கு அது இருந்தது. நெஞ்சு தேடும்போது நெஞ்சுக்கும் ஏதோ போனது. பனி தொடங்கும் காலத்தில் ஒரு அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடியும் நிற்காமல் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்ததும், அதைப் பார்க்க ஒருவரும் இல்லையே என்ற கவலையில் திரும்ப இறங்கி இன்னொரு தடவை ஏறலாமா என்றுகூட யோசித்தேன்.

அரசாங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. நிகோடின் உள்ள எலெக்ட்ரோனிக் சிகரெட்டுக்கு அனுமதி இல்லை, இறக்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்று அறிவித்தார்கள். நிகோடின் இல்லாததை விற்கலாமாம். இறைச்சிக் கடையைத் திறந்து வைத்திருக்கலாம், ஆனால் இறைச்சி மட்டும் இருக்கக் கூடாது. இதற்கிடையில் எந்தத் தெருமுனை டெப்பனர் கடைக்குப் போனாலும் அசல் சிகரெட் இருந்தது. பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது என்று அதன்முன் ஒரு தட்டி அடைத்திருந்தார்கள், அவ்வளவுதான். காசைக் கொடுத்தால் தட்டி விலகும், தரிசனம் கிடைக்கும். என்னைக் கொல்லக்கூடியது சட்டப்படி, வரியோடு, பற்றுச்சீட்டோடு கிடைத்தது. படி ஏற வைத்தது கள்ளச் சாமானாகிவிட்டது.

ரை கட்டியவன் மனச்சாட்சி உள்ளவன். நிகோடின் இல்லாததை மட்டும் தட்டில் வைத்துக்கொண்டு, கையை விரித்தான். ஒன்று வாங்கி இழுத்துப் பார்த்தேன். இடியப்பச் சட்டிக்கு மேலே முகத்தைப் பிடித்த மாதிரி இருந்தது.

ஆனால் தமிழன் இருக்கும் இடத்தில் கிடைக்காத சாமான் எது? ஜான்-டலோன் சந்தைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கடைக்காரர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ரெலிபோன் கார்ட், கருவாடு, வாடகைக்குப் படம், எல்லாவற்றுக்கும் மேலாக அவரே வறுத்து அரைத்து விற்கிற மிளகாய்த்தூள். தூள் மூன்று தரம்: உறைப்புக் குறைஞ்சது, நடுத்தரம், கடும் உறைப்பு. அந்தக் கடைக்கு ஓர் எழுதாத சட்டம் இருந்தது. எந்த யாழ்ப்பாணத்து ஆம்பிளையும் நாலு பேர் முன்னால் உறைப்புக் குறைந்த தூளைக் கையால் தொடமாட்டான். அதை வாங்க வேண்டி வந்தவர்கள், “பிள்ளையளுக்கு, இஞ்சை பிறந்ததுகள்,” என்று கடைக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு வாங்குவார்கள்.

தடை வந்து கொஞ்ச நாளில் கல்லாவுக்குக் கீழே கேக் எசென்ஸ் போத்தல்கள் வந்துசேர்ந்தன. உள்ளே எலெக்ட்ரோனிக் சிகரெட்டுக்குள் விடுகிற நிகோடின் திரவம், ரோஸ் வாசம், வனிலா வாசம். போத்தலில் பேப்பர் ரேப் ஒட்டி, பேனையால் தரம் எழுதியிருந்தது. வேறு என்ன தரம்? மூன்று தரம். தூள்ப் பைக்கு எழுதிய அதே கை, அதே பேனை.

நான் போன நேரம் கடையில் மூன்று பேர் கருவாடு தெரிவு செய்துகொண்டு நின்றார்கள். கடைக்காரர் குரலைத் தாழ்த்தாமல் கேட்டார்.

“அண்ணைக்கு எது?”

கருவாட்டைத் தடவிக்கொண்டிருந்த மூன்று கைகளும் நின்றன. என் நுரையீரலின் கொள்ளளவு, வயது, வைத்தியரின் மௌனம், எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து ஒரு விவேகமான மனிதன் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

“கடும் உறைப்பு,” என்றேன்.

அடுத்த சனிக்கிழமை காலை காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். மொன்றியலில் ஒவ்வொரு குளிர்காலமும் யாராவது ஒருவர் பனி அள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த கதை ஊரில் ஓடும். அதை நினைத்துக்கொண்டு அள்ளினேன். நினைப்பை மறக்க நடுவில் நாலைந்து இழுவை இழுத்தேன். ரோஸ் வாசம் அருமை, கலியாண வீட்டுப் பன்னீர் மாதிரி. கொஞ்ச நேரத்தில் வாயில் உமிழ்நீர் ஊறியது. குளிரில் வியர்த்தது. நெஞ்சு பறை அடித்தது. பனி அள்ளுகிற சவள் கையிலிருந்து நழுவ, நான் காரின் முன்பக்கத்தில் கவிழ்ந்து, காலையில் சாப்பிட்ட புட்டு முழுவதையும் கியூபெக் மாகாணத்துக்கு ஒப்படைத்தேன்.

மாரடைப்பு. சந்தேகமே இல்லை. யன்னலால் பார்த்த மனைவி இறங்கி வந்தாள். நான் அவளிடம் என் கடைசி வார்த்தைகளைச் சொல்லத் தொடங்கினேன். காப்புறுதிப் பத்திரம் எந்த லாச்சியில் இருக்கிறது, என் தமையனைச் செத்தவீட்டில் பேச விடக் கூடாது, இப்படி. அவள் கேட்காமல் என் ஜக்கற் பையைத் தடவிப் போத்தலை எடுத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் முதலில் விசாரிக்கிற தாதி என்ன சாப்பிட்டேன், குடித்தேன், எடுத்தேன் என்று கேட்டார். அந்த நிமிடம் என் மாரடைப்பு இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. நான் எடுத்தது தடைசெய்த சாமான். சொன்னால் தாதி பொலிசைக் கூப்பிடுவார், பொலிஸ் குடிவரவுக்காரரைக் கூப்பிடும், குடிவரவுக்காரர் பிளேனைக் கூப்பிடுவார்கள். குடியுரிமைச் சத்தியம் செய்து எத்தனையோ வருடமாகிவிட்டது, வீட்டில் கடவுச்சீட்டு இருக்கிறது. ஆனால் ஒருக்கால் அகதியாக வரிசையில் நின்றவனுடைய குடலுக்குக் கடவுச்சீட்டு கிடையாது. சீருடையைக் கண்டால் அது இன்னும் பழைய வரிசையிலேயே நிற்கும். தேத்தண்ணி மட்டும் குடித்தேன் என்றேன்.

மனைவி போத்தலை மேசையில் வைத்தாள். தாதி ரேப்பில் எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டி என்னவென்று கேட்டார். பிள்ளைகளோடு பேசிப் பழகிய தெளிவான பிரெஞ்சில் மனைவி அதை அப்படியே மொழிபெயர்த்தாள்: மிகவும் காரமான ரோஜா. தாதி எழுதிக்கொண்டார். பொலிஸ் வரவில்லை.

நீண்ட நேரத்துக்குப் பிறகு பார்த்த இளம் வைத்தியர், இதயத்தில் பிழை ஒன்றும் இல்லை, நிகோடின் மிஞ்சிப் போய்விட்டது, தானே இறங்கும் என்றார். போத்தலில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். கடையில் மூன்று பேர் நின்றதை நான் அவருக்கு விளங்கப்படுத்தவில்லை. இந்தச் சாமானுக்கு அனுமதி இல்லை, தன்னால் சிபாரிசு செய்ய முடியாது என்றார். அப்போ சிகரெட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று நான் கேட்டேன். அவர் தன் பேனையை மூடினார். பிறகு, என்ன செய்தாலும் சிகரெட்டுக்கு மட்டும் திரும்பிப் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வழியைக் காட்டாமல் வாசலை மட்டும் அடைத்துவிட்டுப் போகிற கலையில் அரசாங்கமும் மருத்துவமும் ஒரே பள்ளிக்கூடம்.

உறைப்புப் போத்தலை மனைவி தன்னுடைய கைப்பையில் போட்டுப் பூட்டினாள். ரை கட்டியவனிடம் முன்பு வாங்கியதில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. அது முடிந்தால் கடைக்காரர். கடைக்காரர் இல்லாவிட்டால் டெப்பனர் தட்டி. எனக்கு இருந்த உலகம் அவ்வளவுதான்.

கடைக்காரருக்கும் அந்த நேரம் பயம் பிடித்திருந்தது. எல்லையில் நிகோடின் பொதிகளை மறிக்கிறார்களாம். ஆகவே எங்கள் சனத்துக்குத் தெரிந்த ஒரே போராட்ட வழியை அவர் எடுத்தார்: ஒரு சங்கம் தொடங்கினார். மொன்றியல் வாழ் புகையற்ற புகைப்போர் நலன்புரிச் சங்கம். கூட்டத்தில் தேத்தண்ணியோடு கடிக்கக் கொடுக்கிற ரோல்ஸ் அவருடைய செலவு என்பதால் தலைவர் அவர். எப்போதோ ஒரு ஆண்டு மலரில் கட்டுரை எழுதிய பாவத்துக்குச் செயலாளர் நான். தடையை நீக்கச் சொல்லி எங்கள் தொகுதி எம்.பிக்குக் கடிதம் எழுத வேண்டும். அதைக் கூட்டத்தில் வாசித்து எல்லாரும் கையெழுத்து வைக்க வேண்டும். பங்குத் தந்தையிடம் கேட்டு, கோவிலின் நிலவறை மண்டபத்தை ஞாயிறு பூசைக்குப் பிறகு எடுத்தோம்.

கடிதத்தை நான் எழுத, கடைக்காரர் கல்லாவில் நின்று ஒரு வசனத்தைச் சேர்க்கச் சொன்னார்: இந்தத் திரவத்தால் எங்கள் அங்கத்தவர்களில் இதுவரை ஒருவருக்கும் எந்தத் தீங்கும் ஏற்படவில்லை. என் பேனை நின்றது. ஆஸ்பத்திரிக் கதை அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது.

“அண்ணை, உங்கட விஷயத்தை அங்கை அவிழ்க்க வேண்டாம். அவிழ்த்தால் எனக்கும் சாமான் வராது, உங்களுக்கும் வராது. பேந்து நீங்கள் டெப்பனரிலதான் நிக்க வேணும்.”

மிரட்டல் இல்லை, வானிலை அறிக்கை மாதிரித்தான் சொன்னார். நான் வசனத்தை எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

கூட்டம் முறைப்படி நடந்தது. மங்கள விளக்கு ஏற்ற வேண்டிய நேரத்தில் நெருப்புப் பெட்டியைக் காணவில்லை. கவலைப்படத் தேவையிருக்கவில்லை, புகைப்பதை அறவே விட்ட அத்தனை அங்கத்தவர்களின் பையிலும் லைற்றர் இருந்தது. பிறகு அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. வாழ்த்துரை சொன்னவர் தமிழின் தொன்மையில் தொடங்கி, எலெக்ட்ரோனிக் சிகரெட்டுக்கு வந்துசேர முன்னம் நேரம் முடிந்து இறங்கினார். என் மனைவி தேத்தண்ணி வாளிக்குப் பக்கத்தில் இருந்தாள். ஏன் வருகிறாய் என்று காலையில் கேட்டதற்கு, விழுந்தால் தூக்க ஆள் வேணும் என்று சொல்லியிருந்தாள்.

நான் கடிதத்தை வாசித்தேன். தடை செய்வதால் மக்கள் திருந்தப் போவதில்லை, சிகரெட்டுக்குத்தான் திரும்புவார்கள் என்ற இடத்தில் என் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. தீங்கு ஏற்படவில்லை என்ற வசனத்தை மட்டும் கொஞ்சம் வேகமாக வாசித்தேன். கடைக்காரர் எழும்பி, இதுதான் முக்கியம், ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை என்று சொல்லிச் சபையைப் பார்த்தார். சபை கைதட்டியது. முதலில் தட்டியது நான் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

“இவருக்கு நடந்தது,” என்றாள் மனைவி.

சத்தமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கியபடியேதான் சொன்னாள். கைப்பையைத் திறந்து எசென்ஸ் போத்தலை எடுத்து மேசையில் வைத்து, பனி, புட்டு, தாதி, எல்லாவற்றையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். என் கடைசி வார்த்தைகளையும் சொன்னாள். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஒருவர், களஞ்சியத்தில் என்னோடு பாரந்தூக்கி ஓட்டுகிறவர், மெதுவாக எழும்பினார். மெற்ரோப் படியில் பனி சறுக்கி விழுந்ததாக எங்கள் எல்லாருக்கும் சொல்லி, தோளில் கட்டும் போட்டுக்கொண்டு திரிந்தவர்.

“அண்டைக்குப் பனி இல்லை,” என்றார். “இதுதான். வனிலா.”

அதோடு அணை உடைந்தது. ஒருவர் தொழிற்சாலைக் கழிப்பறையில் ஒரு முழு இடைவேளையும் தரையில் கிடந்திருக்கிறார். சங்கத்தின் பொருளாளர் வீட்டில் சத்தி எடுத்துவிட்டு, பழியைக் கொத்துரொட்டியில் போட்டு, அதை விற்ற கடைக்காரனோடு இன்னும் கதைக்காமல் இருக்கிறாராம். எல்லாரும் வாங்கியது ஒரே தரம். எல்லாருக்கும் பின்னால் கருவாடு பார்த்துக்கொண்டு யாரோ நின்றிருக்கிறார்கள். விசாரித்துப் பார்த்ததில், பெரும்பாலும் ஒருவருக்குப் பின்னால் மற்றவர்தான் நின்றிருந்தோம்.

கடைக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது.

“நான் என்ன செய்யிறது அக்கா? குறைஞ்சதும் வைச்சிருக்கிறன். ஒரு ஆம்பிளையும் தொடுகினமில்லை.”

“அதுக்குள்ள எவ்வளவு கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ தம்பி?”

“ரொறன்ரோவில மாமான்ர மோன்தான் கலக்கி அனுப்பிறவர். அவருக்குத் தெரியும்.”

“அப்ப போனை எடுங்கோ.”

ரெலிபோன் கார்ட் விற்கிறவர் போன் எடுக்கத் தயங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லாருக்கும் கேட்க ஸ்பீக்கரில் வந்த மாமாவின் மகன் முதலில் அளவாத்தான் போடுகிறேன் என்றார். அளவு என்றால் எவ்வளவு என்று மனைவி, சுவரில் கீறிய பிள்ளையை விசாரிக்கிற அதே பொறுமையோடு கேட்டாள். குறைந்ததற்கு ஓர் இலக்கம் சொன்னார். நடுத்தரத்துக்கும் ஒன்று சொன்னார். ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வி அதுதான் என்பதால் இரண்டையும் மறுபடி சொல்லவைத்து எழுதிக்கொண்டாள். கடும் உறைப்புக்கு என்ன என்று கேட்டாள். மொன்றியல் ஆட்கள் உறைப்புக் காணாது என்று சொன்னபடியால் அதற்கு ஒரு கை கூட விடுகிறவராம். எவ்வளவு என்று பார்ப்பதில்லையாம்.

 எங்கள் வீரத்தின் செய்முறையை நாங்கள் நேரடியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கடிதத்தை அங்கேயே மாற்றி எழுதினேன். தீங்கு இல்லை என்ற வசனத்தை வெட்டினேன். தீங்கு வந்தது, எங்களுக்குத்தான் வந்தது. போத்தலில் என்ன இருக்கிறதென்று ஒருவரும் எழுதாததால் வந்தது. தடை செய்ததால்தான் எசென்ஸ் போத்தலில் வந்தது. ஆகவே விற்கவிடுங்கள், ஆனால் விற்கிறவனை அளவு எழுதச் சொல்லுங்கள் என்று எழுதினேன். எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். தலைவர் மட்டும் வைக்கவில்லை. தன்னை அவமானப்படுத்திவிட்டதாகவும், பதவி விலகுவதாகவும், இனி இந்தச் சாமானைக் கடையில் வைப்பதில்லை என்றும் சொன்னார். ரோல்ஸையும் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருப்பார். அது ஏற்கெனவே முடிந்திருந்தது. எம்.பியின் அலுவலகத்திலிருந்து பிறகு பதில் வந்தது. உங்கள் கருத்தைக் கவனத்தில் எடுத்தோம், புகைப்பதை விடுவதற்கு உதவி தேவைப்பட்டால் தாராளமாகக் கேளுங்கள் என்றிருந்தது.

ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த பிரச்சினை எம்.பி இல்லை. ரை கட்டியவனுடைய கடைசித் துளி காலையிலேயே முடிந்திருந்தது. கடைக்காரர் இனித் தரமாட்டேன் என்கிறார். மேலே ஏறிக் கோவில் முற்றத்துக்கு வந்தால், புகையற்ற சங்கம் முழுவதும் பனிக்குள் வட்டமாக நின்று புகைத்துக்கொண்டிருந்தது. பொருளாளரின் கையில் பெயரில்லாத சிகரெட்டுகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் பை, வரி கட்டாத கள்ளச் சரக்கு. மாப்பிள்ளை வீட்டில் வெற்றிலைத் தட்டு நீட்டுகிற மரியாதையோடு அதை எனக்கு நீட்டினார். நான் ஒன்றை எடுத்தேன். யோசிக்கவில்லை. கை எனக்கு முன்னமே போய்விட்டது. லைற்றர்கள் மூன்று திசையிலிருந்து வந்தன.

எனக்குப் பக்கத்தில் தலைவர் நின்றார், முன்னாள் தலைவர். அவர் வாயிலும் அசல் சிகரெட். நீங்கள் உங்கள் சாமானைப் பாவிப்பதில்லையா என்று கேட்டேன்.

“எனக்கு உது ஒத்துக்கொள்ளாது அண்ணை,” என்றார். சொல்லிவிட்டு இருமினார். அடிவயிற்றிலிருந்து வந்து, குனிய வைத்து, கண்ணில் நீரை வரவழைத்துவிட்டுப் போகிற இருமல். அவர் என்னைவிட இளையவர் என்று முன்னமே சொன்னேன். அந்த இருமலை எனக்குத் தெரியும். எங்கள் மூன்று மாடிப் படியிலும் நான் அதை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மண்டபக் கதவைத் திறந்து மனைவி வந்தாள். என் வாயில் இருந்ததைப் பார்த்தாள், காருக்குப் போய் ஏறி, எஞ்சினைப் போட்டுவிட்டு இருந்தாள்.

நான் இன்னும் பற்றவைக்காமல் வைத்திருந்த சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தேன். கடைக்காரரின் காதுப் பக்கம் குனிந்து, குறைஞ்சது ஒன்று இருக்கிறதா, இலக்கம் எழுதித் தருவீர்களா என்று மெதுவாகக் கேட்டேன். மெதுவாக என்றால் எனக்கே கேட்காத அளவுக்கு. கடைக்காரர் கல்லாவில் நிற்கும் பழக்கத்தில், முற்றம் முழுவதற்கும் கேட்கத் திருப்பிக் கேட்டார்.

“அண்ணைக்கு உறைப்புக் குறைஞ்சதோ?”

வட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பியது.

“ஓம்,” என்றேன். “குறைஞ்சதுதான்.”

பிள்ளைகளுக்கு என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அவர்கள் சிரிக்கத்தான் பார்த்தார்கள். ஆனால் சிரிப்பதற்கு மூச்சு வேண்டும்; தொடங்கியவர்கள் எல்லாருக்கும் அது பாதியில் இருமலாகிப் போனது. அவர்கள் இருமி முடிக்க முன்னம் சிகரெட்டைப் பொருளாளரின் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாகக் காருக்குப் போனேன்.